டிக் வெல்டிங்ல டங்ஸ்டன் அடிக்கடி கெடுதா? காசை எதுல போடறதுன்னு ஒரு ஒப்பீடு

டிக், அதாவது ஆர்கான் வெல்டிங்ல, டார்ச் நுனில ஆர்க் பிடிக்கற கம்பிதான் டங்ஸ்டன். இந்த வெல்டிங் கத்துக்க ஆரம்பிச்சவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "டங்ஸ்டன் நிக்கவே மாட்டேங்குது, எந்த டங்ஸ்டன் வாங்கறது?" பதிலும் ரெடியா வந்துடும். ஒருத்தர் சிவப்பு அடையாளம் போட்டது வாங்குங்கம்பார், இன்னொருத்தர் அதெல்லாம் பழசு, நீலம் வாங்குங்கம்பார், மூணாவது ஆள் காஸ் லென்ஸ் (காஸைச் சீரா அனுப்பற சல்லடை) போடாம டிக் அடிக்கறதே வேஸ்ட்டும்பார், நாலாவது ஆள் நேரா எச்எஃப் (தொடாமலே ஆர்க் பிடிக்கற) மெஷினுக்கே போயிடுவார். நாலுமே செலவு. நாலுமே சரியான மருந்தாவும் இருக்கலாம், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற வியாதிக்கு. நுனி என்ன ஆகியிருக்குன்னு பாக்காமலே மருந்து வாங்கறதுலதான் புதுசா கத்துக்கறவங்க காசு ஜாஸ்தி போகுது.

அதனால மொதல்ல கெடுக்கறது கையா காஸான்னு முடிவு பண்ணணும், எதுக்குக் காசு குடுக்கறதுங்கறது அதுக்கப்புறம்தான். நான் சொல்லப்போறது பெரும்பாலும் 200 ஆம்ப்ஸ் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், தண்ணி ஓடாத சாதா டார்ச், 1.6 இல்ல 2.4 எம்எம் டங்ஸ்டன் வச்சு எம்எஸ் (சாதா இரும்பு), எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அடிக்கறவங்களுக்கு. அலுமினியத்தைக் கடைசில தொடறேன்.

நுனியைப் பாருங்க

ஆர்க் நின்னு, காஸும் நின்னு, ஆறினதுக்கப்புறம் டார்ச் முனைல இருக்கற கப்புக்குள்ள எட்டிப் பாருங்க. ஆரோக்கியமான டங்ஸ்டன் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும், கிரைண்ட் பண்ணின கோடு நீளவாக்குல லேசா தெரியும், கூர் ஒரு துளி மழுங்கியிருந்தாலும் அது ஒண்ணும் பண்ணாது.

நுனில ஒரு பக்கமா மட்டும் கரடுமுரடா ஒரு கட்டி ஒட்டியிருந்தா அது புடில்ல (உருகின உலோகக் குட்டைல) முக்கினது, இல்லன்னா ஃபில்லர் ராடு (ஜாயின்ட்ல உருக்கி விடற கம்பி) போய் இடிச்சது. ரெண்டும் கை விஷயம். டங்ஸ்டன் உருகறது 3,422 டிகிரில, இரும்பு 1,538-ல. அவ்வளவு தாங்கற சாமான் எப்படி இவ்வளவு லேசா கெடுதுன்னு தோணும், ஆனா இரும்பு ஒட்டினதும் ரெண்டும் கலந்து நுனியோட உருகற சூடு எறங்கிடுது, அதுக்கப்புறம் நீங்க ஆர்க் போடப் போட அந்தக் கட்டிதான் உருகி, கொதிச்சு, ஜாப்ல (வெல்டிங் பண்ற பொருள்ல) தெறிக்கும். ஆர்க்கும் கூர்ல நிக்காம அந்தக் கட்டி பக்கமா சாஞ்சு ஆடும், சத்தமும் மாறும், சில சமயம் பச்சை அடிக்கும்.

கட்டி எதுவும் இல்ல, வடிவம் அப்படியே இருக்கு, ஆனா நுனி நீலமாவோ ஊதாவாவோ கருப்பாவோ இருக்குன்னா அது காஸ் விஷயம். பெரும்பாலும் ஆர்க் நின்னதும் டார்ச்சை வெடுக்குன்னு தூக்கறது, இல்ல போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் நின்னதுக்கப்புறமும் வர்ற காஸ்) கம்மி. சூடா இருக்கற டங்ஸ்டன்ல காத்து பட்டா ஆக்ஸைடு பிடிக்கும், அவ்வளவுதான். டார்ச் மேலயே வால்வு இருக்கற வகைல இது ரொம்ப சகஜம், ஏன்னா காஸ் மிச்சம் பிடிக்கணும்னு ஆர்க் கட் ஆன நிமிஷமே வால்வைத் திருகிடறோம். 10 ஆம்ப்ஸுக்கு 1 செகண்டுன்னு ஒரு கணக்கு உண்டு, 100 ஆம்ப்ஸ்னா 10 செகண்ட் டார்ச்சை அங்கயே பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுல மிச்சம் பிடிக்கற காஸை விட வீணாகற டங்ஸ்டனும் கருத்துப்போற பீடு (வெல்டிங் கோடு) முடிவும் நஷ்டம்.

கப்புக்குள்ள மஞ்சளாவோ வெள்ளையாவோ பொடி படிஞ்சு, டங்ஸ்டன் அரிச்ச மாதிரி மெலிஞ்சு போகுதா? ஆக்ஸிஜன் உள்ள வருது. பேக் கேப்ல (டார்ச்சோட பின் மூடில) ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம் போயிருக்கும், ஹோஸ் ஜாயின்ட் லூஸா இருக்கும், இல்லன்னா மிக் (கம்பி தானா ஓடற வெல்டிங்) மெஷினுக்கு வச்சிருந்த ஆர்கான்-சிஓ2 மிக்ஸ் சிலிண்டரை யாரோ மாட்டி விட்டிருப்பாங்க. மிக்ஸ்ல டிக் அடிக்கவே முடியாது, டங்ஸ்டன் கண்ணு முன்னாடியே எரியும்.

கடைசியா, டிசில அடிக்கும்போதே நுனி குண்டு பல்பு மாதிரி உருண்டு போனா டார்ச்சை பாசிட்டிவ்ல மாட்டியிருக்கீங்களான்னு பாருங்க. ஸ்டிக் (ராடு வெல்டிங்) அடிச்சுட்டு டிக்குக்கு மாறும்போது கேபிளை மாத்தாம விட்டுடறது நடக்கறதுதான். டிக்குக்கு டார்ச் நெகட்டிவ், எர்த் கிளாம்ப் பாசிட்டிவ். கேபிள் சரியா இருந்தும் உருளுதுன்னா அந்த சைஸுக்கு ஆம்ப்ஸ் ஜாஸ்தி, 1.6-ல 150-க்கு மேல போகாதீங்க.

கையா காஸா

நுனியைப் பாத்தும் புரியலைன்னா ஒரு சோதனை இருக்கு, செலவே இல்லாதது. எஸ்எஸ் துண்டு ஒண்ணை நல்லா தேய்ச்சு, அசிட்டோன்ல துடைச்சு, புதுசா கிரைண்ட் பண்ணின டங்ஸ்டன் போட்டு, ஃபில்லரே இல்லாம ஒரு இடத்துல சின்னதா புடில் போட்டு கொஞ்ச நேரம் நிறுத்துங்க. கை முட்டு கொடுத்து, எங்கயும் இடிக்காம. அப்புறம் ஆர்க்கை நிறுத்தி, காஸ் முழுசா நிக்கற வரைக்கும் டார்ச்சை அசைக்காதீங்க. டங்ஸ்டன் வெள்ளியா இருந்து, ஜாப்ல விழுந்த பொட்டும் பளிச்சுனு இருந்தா காஸ் சைடு க்ளீன், பிரச்சனை மொத்தமும் ஃபில்லரும் கையும்தான். நீங்க எதுலயும் இடிக்கலை, ஆனாலும் நுனி கருத்துதுன்னா காஸ்தான் காரணம், எத்தனை டங்ஸ்டன் மாத்தினாலும் இதேதான் நடக்கும்.

(அசிட்டோனுக்குப் பதிலா பிரேக் க்ளீனர் ஸ்ப்ரே அடிக்கறவங்க கவனிங்க, குளோரின் கலந்த க்ளீனர் ஆர்க்ல பட்டா ஃபாஸ்ஜீன்ங்கற விஷ வாயு வரும். அது விளையாட்டில்ல.)

கைதான் காரணம்னா: முக்கினதுக்கப்புறம் நாலு வழி

முதல் வழி, கண்டுக்காம அடிச்சுக்கிட்டே போறது. நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க, ஏன்னா எந்திரிச்சுப் போய் கிரைண்ட் பண்ணச் சோம்பேறித்தனம். வேலையா இருந்தா பீடு கெடும், அது தெரிஞ்சதுதான். பழகற நேரத்துல இன்னொரு கெடுதலும் இருக்கு, ஆர்க் ஆடறதால நீங்க பண்ற தப்பு எது, டங்ஸ்டன் பண்ற தப்பு எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது, கைக்குத் தப்பான பாடம் பதியும். இந்த வழியை நான் எந்தக் கணக்குலயும் சேக்க மாட்டேன்.

ரெண்டாவது, அப்படியே கொண்டு போய் கிரைண்ட் பண்றது. லேசா தொட்டதுக்கு இது போதும். ஆனா கட்டி பெருசா இருந்தா அந்த இரும்பை வீல்ல தேய்ச்சு வீலையும் அழுக்காக்கி, அதே வீல்ல அடுத்த டங்ஸ்டனையும் தீட்டுவீங்க. கட்டிக்கு மேலயும் கொஞ்ச தூரம் டங்ஸ்டன் கெட்டிருக்கும், அதைத் தாண்டித் தேய்க்கலைன்னா பாதி பீடுலயே திரும்ப ஆட ஆரம்பிக்கும்.

மூணாவது, கெட்ட துண்டை உடைச்சுட்டு புதுசா கூர் போடறது. சுத்தமான வழி இதுதான், ஆனா எப்படி உடைக்கறோம்ங்கறதுல இருக்கு விஷயம். டங்ஸ்டன் வளையாது, கண்ணாடி கணக்கா படக்குனு உடையும், ரெண்டு கைல பிடிச்சு வளைச்சா நீளவாக்குல விரிசல் ஓடிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அதோட கூர் போட்டா ஆர்க் ரெண்டா பிரிஞ்சு நிக்கும், நீங்க காஸைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. ஏஜி4 ஆங்கிள் கிரைண்டர்ல கட்டிங் வீல் போட்டு சுத்தி லேசா ஒரு கோடு கீறி, கோட்டுக்கு ஒட்டின மாதிரி பிளையர்ல பிடிச்சு ஒடிங்க. கண்ணாடி போட்டுக்கங்க, துண்டு எங்க பறக்கும்னு சொல்ல முடியாது.

நாலாவது, முன்னாடியே பத்து டங்ஸ்டனுக்கு ரெண்டு முனையும் கூர் போட்டு ஒரு டப்பால வச்சுக்கறது. முக்கினா திருப்பிப் போடு, திரும்ப முக்கினா அடுத்ததை எடு, பத்தும் தீந்ததும் ஒரே மூச்சுல உக்காந்து எல்லாத்தையும் உடைச்சு தீட்டு. கத்துக்கறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான், மத்த மூணும் பக்கத்துலயே வராது. டங்ஸ்டன் விலை இங்க பெரிய விஷயமில்ல, ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட் கழட்டி, கையுறை கழட்டி, எந்திரிச்சுப் போய் தீட்டிட்டு வந்து உக்காரும்போது அந்த ஜாயின்ட்ல கை பிடிச்சு வச்சிருந்த நிதானம் போயிடுது, நஷ்டம் அதுலதான். ஒரு சின்னத் தொந்தரவு, ரெண்டு முனையும் தீட்டிட்டா கலர் அடையாளம் போயிடும், அதனால ஒரு டப்பால ஒரே வகை மட்டும் வைங்க. பேக் கேப்பைக் கழட்டும்போது சூடு ஆறியிருக்கான்னும் பாத்துக்கங்க.

முக்கறதே குறையணும்னா காசு வேண்டாம். நுனிக்கும் ஜாப்புக்கும் டங்ஸ்டன் தடிமன் அளவு இடைவெளி, டார்ச் நேரா நிக்கறதுலேர்ந்து 15 டிகிரி பின்னாடி சாஞ்சு, ஃபில்லர் ராடு ஜாப்போட கிட்டத்தட்ட படுத்த மாதிரி. ராடைத் தூக்கிப் பிடிச்சா அது நேரா டங்ஸ்டனைத்தான் போய்த் தொடும். ராடை புடில் ஓரத்துல விடுங்க, ஆர்க் நடுவுல இல்ல. ராடு விட்டதும் புடில் மேல எழும்பும், அந்த நேரத்துல டார்ச் கீழயே இருந்தா புடில் வந்து டங்ஸ்டனைத் தொடும், முக்கறதுல பாதி இதுதான். பயந்துக்கிட்டு 50 ஆம்ப்ஸ்ல 3 எம்எம் தகட்டை உருக்கப் பாக்கறவங்களும் கிட்டக் கிட்ட போய் முக்கிடறாங்க, எம்எஸ்க்கு ஒரு எம்எம்முக்கு சுமார் 40 ஆம்ப்ஸ்னு வச்சு அங்கிருந்து கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. நாப்பது வயசு தாண்டினவங்க ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ரீடிங் லென்ஸ் போட்டுப் பாருங்க, கை நடுக்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்கறதுல நிறைய பேருக்கு கண்ணுதான் பிரச்சனை.

எதுல தீட்டறது

பெஞ்ச் கிரைண்டர் இருந்தா அதுல ஒரு பக்க வீலை டங்ஸ்டனுக்குன்னே ஒதுக்கிடுங்க, அதுல வேற எதையும் வைக்கக் கூடாது. சாதா வீல் போதும், சீக்கிரம் பள்ளம் விழும் அவ்வளவுதான். டைமண்ட் வீல் மாட்டினா வழவழன்னு வரும், ரொம்ப நாள் உழைக்கும். பெஞ்ச் கிரைண்டர் இல்லன்னா ஏஜி4-ஐ வைஸ்ல கட்டி புது ஃப்ளாப் டிஸ்க், டங்ஸ்டனை பேட்டரி டிரில் சக்குல பிடிச்சு மெதுவா சுத்தவிட்டு, வீல் நுனியை விட்டு வெளிய ஓடற பக்கமா தீட்டுங்க. இது ஜுகாடு மாதிரி தெரியும், ஆனா கூர் நடு மையத்துல விழறதுக்கு டிரில் நல்ல துணை. எதுல தீட்டினாலும் கோடு நீளவாக்குல ஓடணும், குறுக்கால வட்டமா ஓடினா ஆர்க் சுத்தும். கூரோட நீளம் தடிமன் மாதிரி ரெண்டு, ரெண்டரை மடங்கு, கடைசில நுனியை ஒரு துளி மழுக்கிடணும், ஊசி மாதிரி விட்டா அந்த ஊசி முனை உருகி பீடுக்குள்ள போயிடும்.

டங்ஸ்டனுக்குன்னே வர்ற தனி கிரைண்டர் அருமையான சாமான், ஆனா அது ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தீட்டற ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்கு. கத்துக்கற நேரத்துல அந்தக் காசு எஸ்எஸ் துண்டுக்கும் காஸுக்கும் போனா கை வேகமா பழகும். சூடான டங்ஸ்டனை முக்கி கூராக்கற கெமிக்கல் பவுடரும் கிடைக்குது, காத்தோட்டம் இல்லாத சின்ன ரூம்ல அதை வச்சுக்காதீங்க.

காஸ்தான் காரணம்னா

இங்க மூணு ஆப்ஷன் இருக்கு, ஃப்ளோவைக் கூட்டறது, லீக்கை அடைக்கறது, காஸ் லென்ஸ் வாங்கறது. எல்லாரும் மொதல்ல பண்றது ஃப்ளோவைக் கூட்டறது, அதுதான் பெரும்பாலும் தப்பு. 6, 7-ம் நம்பர் கப்புக்கு நிமிஷத்துக்கு 7-லேர்ந்து 9 லிட்டர் தாராளம். 15-க்கு மேல ஏத்தினா காஸ் கப்பை விட்டு வெளிய வரும்போது சுழிச்சு வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும், நுனி இன்னும் கருக்கும், நீங்க இன்னும் கூட்டுவீங்க. ரெகுலேட்டர்ல ரெண்டு பிரஷர் முள்ளு மட்டும் இருந்து லிட்டர் காட்டற கண்ணாடிக் குழாய் இல்லைன்னா உங்களுக்கு எவ்வளவு போகுதுன்னே தெரியாது. அப்படி இருக்கறவங்க காஸ் லென்ஸுக்கு முன்னாடி ஃப்ளோ மீட்டர் வாங்கணும், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

லீக் பாக்கறது இனாம். சோப்புத் தண்ணி, ஒவ்வொரு ஜாயின்ட், பேக் கேப்பைக் கழட்டி ஓ-ரிங் விரிசல் விட்டிருக்கான்னு ஒரு பார்வை, கப் ஓரத்துல கீறல் இருக்கான்னு ஒரு பார்வை. அப்புறம் நம்ம ஊர் வில்லன் ஒண்ணு இருக்கு, ஃபேன். சித்திரை மாச வெக்கைல பட்டறைல ஃபேன் இல்லாம உக்கார முடியாதுதான், ஆனா அது உங்க முதுகுப் பக்கம் இல்லாம ஜாப் பக்கம் அடிச்சா எந்த லென்ஸும் காப்பாத்தாது.

இவ்வளவும் சரியா இருந்து, மூலைலயும் பைப் ஜாயின்ட்லயும் டங்ஸ்டனை நீட்டி வைக்க வேண்டிய வேலை வந்தா, அப்ப காஸ் லென்ஸ் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். உள்ள இருக்கற சல்லடை காஸை நேரா, சுழிக்காம அனுப்புது. சாதா கப்ல டங்ஸ்டனை 5, 6 எம்எம்முக்கு மேல வெளிய நீட்டக் கூடாதுன்னு வச்சுக்கணும், லென்ஸ்ல 15, 20 கூட நீட்டலாம். எஸ்எஸ்ல கலரும் நல்லா வரும். விலையும் தாங்கக்கூடியதுதான், மெஷின் மாத்தத் தேவையில்ல. ஆனா முக்கறவங்களுக்கு லென்ஸ் மருந்து இல்ல, இன்னும் சொன்னா தெறிக்கற இரும்பு அந்த சல்லடைல ஒட்டி லென்ஸும் சேந்து கெடும். முதல்ல கை, அப்புறம் லென்ஸ்.

ஸ்டார்ட்: உரசறதா, லிஃப்ட்டா, எச்எஃப்பா

உரசி ஸ்டார்ட் பண்ற மெஷின்ல ஒவ்வொரு ஸ்டார்ட்டுமே ஒரு சின்ன முக்கல். தீக்குச்சி கிழிக்கற மாதிரி ஜாப் மேலயே கிழிச்சா நுனி அங்கயே போயிடும். ஜாயின்ட் பக்கத்துல ஒரு செம்புத் துண்டை வச்சு அதுல ஆர்க் பிடிச்சு அப்படியே ஜாப்புக்கு நகத்திக்கிட்டு வாங்க, செலவு ஒண்ணுமில்ல, பலன் கண்கூடு. லிஃப்ட் ஆர்க்ல தொடும்போது கரண்ட் ரொம்பக் கம்மியா வச்சுக்கிட்டு தூக்கினதும்தான் மெஷின் ஏத்தும், அதனால அழுக்கு ரொம்பவே குறையும். எச்எஃப்ல தொடவே வேண்டாம். வசதி அதுதான், சந்தேகமில்ல, ஆனா உங்க நுனி ஸ்டார்ட்ல கெடலை, நடு பீடுல கெடுதுன்னா எச்எஃப் வாங்கியும் அதே கட்டிதான். லிஃப்ட் ஏற்கனவே இருக்கறவங்க எச்எஃப்புக்காக மட்டும் எம்எஸ், எஸ்எஸ் வேலைக்கு மெஷின் மாத்தறது அவசியமில்லங்கறது என் கருத்து.

கடைசியா கலர்

சிவப்புல 2 சதவீதம் தோரியம். டிசில நல்லா உழைக்கும், எல்லாக் கடைலயும் கிடைக்கும், அதனாலதான் பட்டறைல எல்லார் கையிலயும் அது. ஆனா தோரியம் கதிரியக்கப் பொருள், கையில வச்சிருக்கறதுல பெரிய பயமில்ல, தீட்டற தூசு நுரையீரலுக்குள்ள போறதுதான் கூடாது. மேல சொன்ன மாதிரி பத்துப் பத்தா தீட்டப்போற ஆள் ஏன் அதை வாங்கணும்? நீலம், 2 சதவீதம் லாந்தனம், டிசிலயும் ஏசிலயும் ஓடும், ஸ்டார்ட் நல்லாருக்கும், தங்கக் கலர் அதுலயே 1.5 சதவீதம். சாம்பல் கலர் சீரியம், கம்மி ஆம்ப்ஸ்ல மெல்லிய தகட்டுக்கு நல்லது. எந்தக் கலரா இருந்தாலும் புடில்ல முக்கினா ஒரே மாதிரிதான் கெடும், அதனால இதைக் கடைசில வச்சேன். தூசு எந்த வகைலயும் நல்லதில்ல, மாஸ்க் போடுங்க.

சரி, யார் எதுல போடறது

வீட்டு ஷெட்ல எஸ்எஸ் கைப்பிடி, கேட் வேலைன்னு பழகறவங்க: ஒரு பாக்கெட் நீலம் 1.6, டங்ஸ்டனுக்குன்னு ஒரு வீல், ஃப்ளோ மீட்டர், அப்புறம் ஒரு துண்டு செம்பு. எச்ஆர் (சூடா உருட்டின) தகடா இருந்தா மேல இருக்கற கருப்புச் செதிலை வெள்ளையா தெரியற வரைக்கும் தேய்ங்க, ஜிஐ-யா (துத்தநாகம் பூசின இரும்பா) இருந்தா துத்தநாகத்தை எடுக்காம ஆர்க்கே போடாதீங்க, அது புகைஞ்சு வந்து நுனில படியும், மூச்சுக்கும் ஆகாது. காஸ் லென்ஸ் ரெண்டு மூணு மாசம் கழிச்சு.

அலுமினியம்தான் ஆசைன்னா கதை வேற, ஏசி வேணும், எச்எஃப்பும் வேணும், அங்க மெஷினுக்குப் போற காசு நியாயமானது. ஏசில நுனி லேசா உருண்டு நிக்கறது சகஜம், கெட்டதுன்னு நினைக்காதீங்க. டங்ஸ்டனை விடப் பெருசா உருண்டா மெஷினோட ஏசி பேலன்ஸ்ல, ஆக்ஸைடை எடுக்கற க்ளீனிங் பக்கம் ஜாஸ்தி வச்சிருக்கீங்க. பழகும்போது அலுமினியத்துல லேசா முக்கினா ஒரு கழிவுத் துண்டுல ஆர்க் போட்டு எரிச்சுட்டு தொடரலாம், வேலைன்னா உடைச்சுடுங்க.

திருச்சி பக்கம் பாய்லர் ட்யூப், பைப் ரூட் (ஜாயின்ட் அடில போடற முதல் பீடு) வேலைக்கு டெஸ்ட் கொடுக்கப் போறவங்களுக்கு மட்டும் விதி கறார். எக்ஸ்ரே ஃபிலிம்ல பாக்கும்போது காத்துக் குமிழ் கருப்பா தெரியும், டங்ஸ்டன் துண்டு உள்ள மாட்டியிருந்தா அது இரும்பை விட அடர்த்திங்கறதால வெள்ளைப் பொட்டா தெரியும். ரூட்ல முக்கிட்டா அந்த இடத்தைத் தோண்டி எடுத்துட்டுதான் அடுத்த ஸ்டார்ட். அவங்களுக்கு நான் காஸ் லென்ஸை முதல் நாளே வாங்கச் சொல்லுவேன், பைப் இடுக்குல டங்ஸ்டனை நீட்டாம வேலை நடக்காது. டெஸ்ட் அன்னைக்கு டப்பால தீட்டின டங்ஸ்டன் பத்துக்கு மேலயே இருக்கட்டும்.